இரண்டு வீட்டுப் பால்

என் தம்பி பெண்டாட்டி தன் குழந்தைக்கு ஏதோ மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, சத்தியம் செய்யவே தயாராக இருந்தேன். அவள் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உலகத்து மாத்திரையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. சந்தேகப்பட எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். பெயர்தான் பெரிது. என் வீட்டு முன் ஹாலும் அதை ஒட்டிய அறையும், அவ்வளவுதான் காப்பகம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள், சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் என் தொண்டை கத்திக் கத்தியே தேய்ந்து போகும். ஒன்று இன்னொன்றின் முடியைப் பிடித்து உலுக்கும், ஒன்று செருப்பைக் கடிக்கும், ஒன்று தண்ணீர்க் குடத்துக்குள் என் சாவிக்கொத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். நான் திட்டிக்கொண்டே இருப்பேன், ஆனால் அதெல்லாம் எனக்குப் பிடிக்கும். சும்மா இருக்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு மூக்கில் வியர்க்கும்.

என் தம்பி மகள் சும்மா இருந்தாள். ஒரு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பந்தை உருட்டிவிட்டால் அது போகிற திசையைப் பார்ப்பாள், பின்னால் போக மாட்டாள். யாராவது புதிதாக உள்ளே வந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி அவர்களைப் பார்ப்பாள். சிரிக்க வைக்க நான் ஆடாத ஆட்டமில்லை. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் அவளுக்குச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எங்க வீட்டு வாலையும் இப்படி ஆக்கிக் குடுங்களேன்" என்று என்னிடம் கேட்டுச் சிரிப்பார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று என் தம்பிக்கும் பெருமைதான்.

எனக்குப் பெருமையில்லை. என் கண் முன்னால் அந்தக் குழந்தை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் தவழப் பார்த்தாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். காலையில் கொண்டுவந்து விடும்போதே கண் சொக்கியிருக்கும். "ராத்திரி தூங்கினாளா?" என்று கேட்டால், "தூங்கினா அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி வாசலிலேயே பதில் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விடுவாள். தூங்கிய பிள்ளை ஏன் காலையிலேயே சொக்க வேண்டும்?

ஒருநாள் அவளைத் தூக்கி முகம் துடைக்கும்போது உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். மாவு. பால் காய்ந்தது இல்லை, அது எனக்குத் தெரியாதா. நகத்தின் இடுக்கிலும் அதே மாவு. மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருக்கிறாள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். பொடியைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்துப் பீரோவில் வைத்தேன். தம்பியிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டிலும் அப்படித்தான், மேலே கூப்பிட்டால் மேலே போவான், கீழே கூப்பிட்டால் கீழே வருவான். அவனிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அவள் காதுக்குப் போய்விடும். கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்தியது. அந்தப் பிள்ளை பாலைக் குடிக்கிற வேகம். வீட்டிலிருந்து பாட்டில்களில் பால் வரும். வந்ததும் கொடுத்தால் பறித்துக் குடிப்பாள். அது தீர்ந்ததும் காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அவள் எதையாவது விரும்பிக் கேட்டாள் என்றால் அது பால் ஒன்றுதான். மசித்த காய், முட்டை, பருப்பு எதை வாயில் வைத்தாலும் துப்பிவிடுவாள். வீட்டில் இவளுக்கு வயிறு நிறையப் போடுவதில்லை, மருந்தைக் கொடுத்துப் படுக்கப் போட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அதனால் என் வீட்டுப் பாலைக் காய்ச்சி ஊற்றிக் கொடுத்தேன். மத்தியானம் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, அழுதால் இன்னொரு தடவை. பாட்டில்களைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்து அனுப்பிவிடுவேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால், உன் பிள்ளைக்குச் சோறு போடத் துப்பில்லை என்று சொன்னதாக ஆகும். நாத்தனார் சொன்னால் அதற்கு ஒன்பது அர்த்தம் வரும்.

இப்படி இருக்கும்போது தம்பி பெண்டாட்டி மத்தியானங்களில் வர ஆரம்பித்தாள். முன்னறிவிப்பு கிடையாது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் அண்ணி."

"மருந்துக் கடையிலிருந்து இந்தப் பக்கம் என்னம்மா வேலை?"

அவள் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராகக் குழந்தையிடம் போய்க் கண்ணைத் திறந்து பார்த்தாள். பாட்டிலை எடுத்து முகர்ந்தாள். தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனவள், டம்ளரைத் தேடுகிற சாக்கில் என் அலமாரி முழுக்கக் கண்ணை ஓட்டிவிட்டு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் என்னைச் சந்தேகப்படுகிறாள். நான் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்கப் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். எத்தனை பிள்ளைகளை இந்தக் கையால் குளிப்பாட்டியிருக்கிறேன். அவள் போன பிறகு ஆத்திரத்தில் அந்த அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது. தப்புச் செய்கிறவள்தானே முந்திக்கொண்டு அடுத்தவர் மேல் பழியைப் போடுவாள்?

அதிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். அவளும் பார்த்தாள். காலையில் குழந்தையைக் கை மாற்றும்போது நான் அதன் வாயைப் பார்ப்பேன், சாயங்காலம் அவள் பார்ப்பாள். ஆனாலும் பேச்சில் குறையில்லை. "வரேன் அண்ணி", "பத்திரமா போம்மா", எல்லாம் தேன். நடுவில் அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கும் எங்கள் இருவர் மேலும் நம்பிக்கையில்லை போலிருந்தது.

இந்தத் தேன் பேச்சு உடைந்தது ஒரு சாயங்காலம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். அன்று அவளும் என் தம்பியும் சேர்ந்து வந்திருந்தார்கள். குழந்தை அன்று முழுக்கத் தலையைத் தூக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் பிரித்து வைத்தேன்.

"இது என்னன்னு நீயே சொல்லு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் மெல்லத் தன் கைப்பையைத் திறந்து, மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை வெளியே எடுத்தாள். அதற்குள் அதே வெள்ளைப் பொடி.

"நான் கேக்கணும்னு இருந்தேன் அண்ணி. இவ கவுன்ல ஒட்டியிருந்துச்சு. என்ன மாத்திரை குடுக்குறீங்க?"

"நான் குடுக்குறேனா? மருந்துக் கடை என்னோடதா, உன்னோடதா?"

"கடையில இருந்து ஒரு மாத்திரை வெளிய போனாலும் கணக்கு இருக்கு. உங்க வீட்ல எந்தக் கணக்கு இருக்கு?"

"என் பால ஊத்தி வளக்குறேன் உன் பிள்ளைய. நன்றி கெட்டவளே."

"உங்க பாலா? நான் குடுத்து விடுற பால நீங்க காசு குடுக்குற பிள்ளைங்களுக்கு ஊத்துறீங்கன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு பசியோட குடிக்குறா தெரியுமா?"

என் தம்பி இரண்டு பொடிகளையும் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பொடிய பத்திரமா மடிச்சு வெச்சிருக்கீங்க. பிள்ளைய ஒருத்தராவது டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

போனோம். மூன்று பேரும் போனோம். உண்மையைச் சொல்கிறேன், நான் குழந்தைக்காக மட்டும் போகவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்தால் மருந்து தெரிந்துவிடும், அவள் குட்டு உடையும் என்றுதான் போனேன். அவளும் அதே நினைப்பில்தான் வந்தாள் என்று பிறகு அவளே சொன்னாள்.

குழந்தைகள் டாக்டரம்மா படபடவென்று பேசுகிறவர். கதையைக் கேட்கப் பொறுமையில்லை. குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உள்ளங்கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். பொடியை விரலில் தேய்த்து முகர்ந்து, "சுவரு" என்றார்.

"என்னது?"

"மாத்திரை இல்ல. சுவர் சுண்ணாம்பு. சுரண்டித் தின்னுருக்கா. உங்க வீட்ல சுவர் உதிருதா?"

"எங்க வீட்ல இல்ல" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நாற்காலி வரிசையில் ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பக் கூப்பிட்டபோது டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்குறா?"

தம்பி பெண்டாட்டி சொன்னாள். எழுந்ததும் ஒரு பாட்டில், காப்பகத்துக்குக் கொடுத்து அனுப்புவது, சாயங்காலம் வந்ததும், படுக்கும்போது, ராத்திரி அழுதால். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. அவள் முடித்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் கையை மடக்கிவிட்டார்.

"அப்புறம் சாப்பாட்டுக்கு வயித்துல எங்க இடம் இருக்கும்? பால்ல இரும்புச்சத்து இல்லைன்னே சொல்லலாம். சாப்பாட்டுல வர்ற கொஞ்சத்தையும் உடம்புல சேரவிடாது. இவ உடம்புல இருந்த இரும்பு முழுக்கக் காலி. அதனாலதான் சுவரத் திங்குறா."

"சோர்வு அதனாலயா?" என்று தம்பி கேட்டான்.

"ரத்தத்துக்கு மட்டும் இரும்பு வேணும்னு நினைக்காதீங்க. மூளைக்கும் வேணும். ஒரு பொம்மையப் பாத்தா எடுக்கணும்னு தோணுது, புது ஆளப் பாத்தா சிரிக்கணும்னு தோணுது, அந்த ஆசையத் தூண்டுற ரசாயனம் ஒண்ணு மூளைக்குள்ள இருக்கு. டோபமைன்னு பேரு. அதத் தயார் பண்ண இரும்பு வேணும். இரும்பு இல்லன்னா அது ஒழுங்கா நடக்காது. குழந்தைக்கு எதுமேலயும் ஆசை வராது. ஒட்டிக்கிட்டே இருக்கும், யாரையும் நம்பாது. ராத்திரி காலை உதறுவாளா?"

தம்பி பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "விடிய விடிய உதறுவா. அண்ணிகிட்ட சொன்னா, பிள்ள வளக்கத் தெரியலன்னு நினைப்பாங்கன்னு சொல்லல."

"அப்ப மருந்து எதுவும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"யாரும் எந்த மருந்தும் குடுக்கல. போட்டி போட்டுப் பால் குடுத்திருக்கீங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பட்டினி போடுகிறாள் என்று நான் ஊற்றினேன். நான் பட்டினி போடுகிறேன் என்று அவள் ஊற்றினாள். இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்து, "இன்று எவ்வளவு குடித்தாள்?" என்று கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க எங்களுக்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டது.

"சரியாயிடும்ல டாக்டர்?" தம்பி பெண்டாட்டிதான் கேட்டாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ரத்தம் சரியாயிடும். இரும்புச் சொட்டு மருந்து தரேன், சில மாசத்துல ஏறிடும். மூளை வேற விஷயம். அது வேகமா வளர்ற வயசு இது. இந்த நேரத்துல கிடைக்காதது அப்புறம் கிடைச்சாலும், சில பிள்ளைங்களுக்குப் பேச்சுலயோ கவனத்துலயோ கொஞ்சம் பின்தங்கல் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இவளுக்கு எப்படின்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. வளர வளரத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும், மத்தியானம் அவளைத் தூங்க வைக்கிற மரத்தொட்டிலை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சுவரில், அவள் உட்கார்ந்தால் முகம் எட்டுகிற உயரத்தில், சுண்ணாம்பு வழித்து எடுத்த மாதிரி போயிருந்தது. நகம் பட்ட கீறலெல்லாம் தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "எங்க வீட்லயும் இருக்கு அண்ணி. கட்டிலுக்குப் பக்கத்துல" என்றாள்.

பால் குறைந்தது. நாளுக்கு இரண்டு சின்னக் கப், அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. முதல் வாரம் குழந்தை பாட்டிலுக்காக அழுத அழுகையில் தெருவே திரும்பிப் பார்த்தது. சந்தேகம் மட்டும் உடனே போய்விடுமா என்ன? மத்தியானம் போன் வரும். "அழுதான்னு பால் குடுத்துடலையே அண்ணி?" நானும் விடமாட்டேன், "காலைல சொட்டு மருந்து போட்டியா, இல்ல போட்டேன்னு சொல்றியா?" என்பேன். மலம் கறுப்பாகப் போன அன்று, நான் என்ன தின்னக் கொடுத்தேன் என்று ஒரு சண்டை. மருந்தால் அப்படித்தான் போகும் என்று அவளுக்கே தெரியும், கடையில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். தன் பிள்ளை என்றதும் மறந்துவிட்டாள். ஆனால் இப்போது முகத்துக்கு நேராகச் சண்டை போட்டோம். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

சில மாதங்களில் உள்ளங்கை சிவந்தது. தவழ்ந்தாள், பிறகு பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு நடந்தாள். முட்டையைத் தானே எடுத்துத் தின்றாள். ஒரு காலையில் பக்கத்திலிருந்த பையனின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கி, அவன் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அவன் அலறினான். நான் அவனைச் சமாதானப்படுத்தாமல் போனை எடுத்துத் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். "உன் சாமியார் ஒரு பையன அடிச்சுட்டா" என்றதும் அவள் கடையிலேயே அழுதுவிட்டாள். ரத்தமும் நல்ல அளவுக்கு வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார்.

ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டு வயது தாண்டியும் இரண்டு மூன்று சொற்கள்தான். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் என் ஹாலில் கதை கதையாக அளந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதை எடுத்து வருவாள், கேட்டதற்குப் பதில் மட்டும் வராது. காது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு சொல்லுக்காக அவள் வாயைத் திறந்து யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நிற்கும். இது இவள் சுபாவமா, நாங்கள் ஊற்றிய பாலா? யாரைக் கேட்பது?

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இருந்தேன். தம்பி தரையில் உட்கார்ந்து குழந்தையின் மூன்று சக்கர வண்டிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். குழந்தை சக்கரத்தைச் சுற்றிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணி, இவரு சின்ன வயசுல எப்பப் பேசுனாரு? சீக்கிரமாவா, லேட்டாவா?"

அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். ஒரு வயதுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டான். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசுவான். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்த வாய் ஓய்ந்தது.

"லேட்டாதான்" என்றேன். "மூணு வயசு ஆச்சு. அம்மா பயந்தே போயிட்டாங்க. அப்புறம் ஒரே நாள்ல கொட்டித் தீத்துட்டான்."

தம்பியின் கை திருகின் மேல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபடி முடுக்க ஆரம்பித்தான்.

அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடையில் போலி மருந்துச் சீட்டை எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடிக்கிற கண் அது. நான் சொன்ன எதையும் இரண்டு தடவை விசாரிக்காமல் விட்டவள் இல்லை அவள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி" என்றாள்.

நான் இன்னொரு தடவை சொன்னேன்.